செவிலியின் கேள்விகளும் நம் மௌனமும்

நம்மவர்களைச் சந்தித்து, "எப்படி இருக்கிறீர்கள்?" என்று நலம் விசாரித்தால் பெரும்பாலும் ஒரே மறுமொழிதான் கிடைக்கும். செல்வந்தராயினும் வறியவராயினும், ஓடியாடித் திரிபவராயினும் பாயில் கிடப்பவராயினும், "அல்ஹம்துலில்லாஹ்" என்பார்கள். அழகிய மறுமொழிதான், எந்நிலையிலும் இறைவனைப் புகழும் நாவு ஒரு பெரும் அருட்கொடை. ஆனால் அதே மறுமொழியை மருத்துவமனைக் கட்டிலில் அமர்ந்துகொண்டு, தாளும் பேனாவுமாக எதிரே நிற்கும் செவிலியரிடம் சொல்லி, அத்துடன் வாயை மூடிக்கொண்டால் என்ன நேரும்? இதை என் தாயார் வாயிலாகவே நான் கற்றுக்கொள்ள நேர்ந்தது. அவர்களிடம் அனுமதி பெற்றே இதனை எழுதுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

உம்மாவுக்கு வயது 68. ஒருநாள் ஃபஜ்ருக்கு எழுந்தவர்கள், உளூச் செய்யச் சென்ற இடத்தில் தலை சுற்றி விழுந்து இடக்கை மணிக்கட்டை ஒடித்துக்கொண்டார்கள். மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். எலும்பு மருத்துவர் படம் எடுத்துப் பார்த்து மாவுக்கட்டுப் போட்டார். இரண்டு நாள் தங்கிச் செல்லுமாறு கூறினார். கை ஒடிந்தது, கட்டுப் போட்டாயிற்று, இனி என்ன இருக்கிறது என்ற எண்ணத்தில் நாங்கள் இருந்தபோதுதான் வார்டுச் செவிலியர் வந்தார். முப்பது வயதிருக்கலாம். ஒரு நாற்காலியை இழுத்துக் கட்டிலருகே போட்டு, உம்மாவின் கண்ணுக்கு நேராக அமர்ந்துகொண்டார். "அம்மா, உங்களைப் பற்றிக் கொஞ்சம் கேட்க வேண்டும். அரைமணி நேரம் ஆகும். இப்போது பேசலாமா, வலி அதிகமாக இருக்கிறதா?" என்றார்.

அங்கே நான் செய்த பிழையை மறைக்காமல் சொல்கிறேன். பாடம் சொல்லிக் கொடுத்துப் பழகிய வாய் அல்லவா? அவர் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் நானே விடையளிக்கத் தொடங்கினேன். பசி எப்படி? "நன்றாகச் சாப்பிடுவார்கள்." தூக்கம்? "இஷாவுக்குப் பிறகு படுத்தால் ஃபஜ்ருக்குத்தான் எழுவார்கள்." மலச்சிக்கல், சிறுநீர்த் தொல்லை ஏதும் உண்டா? "அதெல்லாம் ஒன்றுமில்லை." உம்மாவோ ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டி, "அல்ஹம்துலில்லாஹ்" என்றார்கள். வெற்றிலை போடும் பழக்கம் உண்டா, புகையிலை சேர்ப்பதுண்டா, மது அருந்துவதுண்டா என்று அவர் வரிசையாகக் கேட்டபோது எனக்குக் கோபமே வந்துவிட்டது. "என் தாயாரிடமா இதைக் கேட்கிறீர்கள்?" என்றேன். அவர் சினங்கொள்ளவில்லை. "எல்லாரிடமும் கேட்பதுதான் ஐயா. ஆளைப் பார்த்துக் கேள்வியை விட்டுவிட்டால், யாரிடம் விட்டோமோ அவரிடம்தான் அது இருக்கும்" என்றார். பிறகு, "ஐயா, தவறாக எண்ண வேண்டாம். சற்று நேரம் வெளியே இருங்கள். அம்மாவே சொல்லட்டும்" என்றார்.

வெளியே நீளமான பெஞ்சில் போய் அமர்ந்தேன். நாற்பதைக் கடந்த மகனை, பெற்ற தாயின் அருகிலிருந்து எழுப்பி வெளியே அனுப்புவது என்ன நாகரிகம் என்றுதான் அப்போது நினைத்தேன்.

செவிலியக் கல்வியில் இதனை நலமதிப்பீடு என்கிறார்கள் என்பதையும், இது தனிப்பாடமாகவே கற்பிக்கப்படுகிறது என்பதையும் பின்னர்தான் அறிந்தேன். மருத்துவர் நோயைத் தேடுகிறார். செவிலியரோ அந்நோயோடு ஒரு மனிதர் எவ்வாறு நாட்களைக் கழிக்கிறார் என்பதைத் தேடுகிறார். மார்ஜரி கார்டன் என்ற அமெரிக்கச் செவிலியப் பேராசிரியை, இவ்வாறு விசாரிக்க வேண்டியவற்றைப் பதினொரு துறைகளாக வகுத்தார். ஒருவர் தம் உடல்நலத்தைப் பற்றி என்ன எண்ணுகிறார் என்பதில் தொடங்கி, உணவு, கழிவு, நடமாட்டம், உறக்கம், புலன்களும் அறிவும், தன்னைப் பற்றிய மதிப்பு, உறவுகள், இல்லறம், மனச்சுமையைத் தாங்கும் விதம் என்று சென்று, நம்பிக்கையும் வாழ்க்கை நெறியும் என்பதில் அது முடிகிறது. இறைநம்பிக்கையைப் பற்றிய கேள்வி, உபசாரத்துக்காகச் சேர்க்கப்பட்டதன்று. மற்றப் பத்தையும் போல அதுவும் மதிப்பீட்டின் ஓர் உறுப்பு. உம்மாவின் விஷயத்தில் பூட்டைத் திறந்த சாவியும் அதுவேயாயிற்று.

நான் வெளியேறிய பிறகு நடந்தவற்றை உம்மா சொல்லித்தான் அறிந்தேன். செவிலியர் முதலில் உடலைப் பார்த்தார். வெப்பமானி வைத்தார், நாடியைப் பிடித்தார். நாடி பார்த்து முடிந்த பின்னும் மணிக்கட்டிலிருந்து விரலை எடுக்கவில்லையாம். "இன்னுமா எண்ணுகிறாய் மகளே?" என்று உம்மா கேட்க, அவர் சிரித்துக்கொண்டே, நாடியை எண்ணி முடித்துவிட்டதாகவும், மூச்சை எண்ணிக்கொண்டிருந்ததாகவும் கூறினாராம். மூச்சை எண்ணுகிறார்கள் என்று தெரிந்துவிட்டால் மனிதர் தம்மை அறியாமலே அதை மாற்றிவிடுவர். ஆதலின் நாடி பார்ப்பவர் போலவே இருந்து நெஞ்சின் ஏற்றத்தாழ்வை எண்ணுவது அவர்களது வழக்கம். வளர்ந்தவர் ஓய்வாக இருக்கையில் நாடி நிமிடத்துக்கு 60 முதல் 100 வரையிலும், மூச்சு 12 முதல் 20 வரையிலும் இருப்பது இயல்பு.

விரல் நுனியில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் என்னும் சிறு கருவியை இப்போது பலரும் அறிவர். 2020ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக்குப் பிறகு எத்தனையோ வீடுகளில் அது இருக்கிறது. ஆனால் நகப்பூச்சோ கருமருதாணியோ விரலில் இருந்தால் அக்கருவி தடுமாறக்கூடும் என்பதையும், கருத்த மேனியருக்கு அது உள்ளதைவிடச் சற்றுக் கூட்டிக் காட்டக்கூடும் என்பதையும் எத்தனை பேர் அறிவோம்? சோகையைத் தேடும்போதும் அப்படித்தான். வெளிறிய கன்னத்தைப் பார்ப்பது வெள்ளையர் நாட்டுப் புத்தகத்துக்குப் பொருந்தும். நம்மவரிடம் கீழிமையை மெல்ல இழுத்து உட்புறத்தைப் பார்க்க வேண்டும். நாக்கையும் உள்ளங்கையையும் பார்க்க வேண்டும். உம்மாவின் நாக்கு காய்ந்திருப்பதை அச்செவிலியர் அப்போதே குறித்துக்கொண்டிருக்கிறார்.

நெஞ்சிலும் வயிற்றிலும் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார். (வயிற்றைத் தொட்டு அழுத்துமுன் காது கொடுத்துக் கேட்டுவிட வேண்டுமாம், அழுத்தினால் குடலின் ஓசை மாறிவிடும்.) முன்காலில் விரலால் அழுத்தி, குழி விழுகிறதா என்று பார்த்தார். ஒவ்வோர் இடத்தைத் தொடுமுன்னும், "இங்கே பார்க்கலாமா அம்மா?" என்று கேட்டதையும், பார்க்கும் இடத்தை மட்டும் திறந்து மற்றதைப் போர்த்தியே வைத்திருந்ததையும் உம்மா மூன்று முறை என்னிடம் சொன்னார்கள். பிற ஆடவர் கண்ணில் படாமல் ஒரு பெண்ணைப் பெண்ணே பார்க்க, அதுவும் இத்துணைப் பேணுதலோடு பார்க்க, கூச்சம் பாதி கரைந்துவிட்டது போலும்.

பாதத்துக்கு வந்தபோது இடக் கணுக்காலின் வெளிப்புறத்தில் தடித்துக் கறுத்திருந்த தழும்பைக் கண்டார். "தொழுகையில் இந்தக் காலை மடித்து உட்காருவீர்கள் அல்லவா?" என்று கேட்டிருக்கிறார். எங்கள் ஊர்ப் பக்கத்தில் பணிசெய்து பழகியவர். முஸ்லிம் நோயாளிகள் பலரது காலில் அதைப் பார்த்திருக்கிறார். பிறகு அவர் கேட்டதுதான் அந்தக் கேள்வி:

"இப்போது எப்படித் தொழுகிறீர்கள் அம்மா?"

வாசகர்கள் இக்கேள்வியின் ஆழத்தைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஐந்து வேளையும் நின்று, குனிந்து, நெற்றியை நிலத்தில் வைத்து, மீண்டும் எழுபவர் ஒருவரிடம் இதைக் கேட்டால் எத்தனை செய்திகள் கிடைக்கின்றன! முட்டி மடங்குகிறதா, ருகூவில் முதுகு வலிக்கிறதா, குனிகையில் மூச்சு முட்டுகிறதா, ஸுஜூதிலிருந்து எழுகையில் கண் இருட்டுகிறதா, எத்தனையாவது ரக்அத் என்பது நினைவில் நிற்கிறதா, உளூ தங்குகிறதா, இரவில் எத்தனை முறை எழ வேண்டியிருக்கிறது - அனைத்தும் அதனுள் அடங்கியிருக்கின்றன. "மூட்டு வலி உண்டா?" என்றால் "இல்லை" என்பவர், "ஸுஜூது செய்ய முடிகிறதா?" என்றால் உண்மையைச் சொல்லியே ஆக வேண்டும். தொழுகையின் விஷயத்தில் பொய்யுரைக்க நம் மூத்த பெண்டிரின் நாவு துணியாது.

உம்மாவின் நாவும் துணியவில்லை. மூன்று மாதங்களாகவே அறைக் கதவைச் சாத்திக்கொண்டு நாற்காலியில் அமர்ந்து தொழுது வருவதாகச் சொன்னார்கள். எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது. ஏன் வீட்டில் சொல்லவில்லை? "மகன் கவலைப்படுவான்." தண்ணீர் நிறையக் குடிக்கிறீர்களா? அதற்கு விடை வரச் சிறிது நேரமாயிற்றாம். தும்மினாலும் இருமினாலும் சில சொட்டுச் சிறுநீர் கசிந்துவிடுகிறது, உளூ முறிந்துவிடுகிறது, ஒரு தொழுகைக்கு மூன்று முறை, நான்கு முறை உளூச் செய்ய வேண்டியிருக்கிறது, ஆகவே அஸருக்குப் பிறகு தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டதாகவும், பகலிலும் நாக்கை நனைக்கும் அளவே குடிப்பதாகவும் உம்மா கூறினார்கள். ஈராண்டுகளாக இவ்வாறு நடந்திருக்கிறது. ஒரே கூரையின் கீழ் இருந்த எனக்குத் தெரியாது. என் மனைவிக்கும் தெரியாது.

செவிலியர் உம்மாவைச் சற்று நேரம் படுக்கவைத்து வலக்கையில் இரத்த அழுத்தம் பார்த்தார். பிறகு மெல்ல எழுப்பி நிறுத்தி, தாங்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் மீண்டும் பார்த்தார். படுத்திருக்கையில் 138 இருந்த மேலளவு, நின்றபோது 112க்கு இறங்கிவிட்டது. எழுந்து நின்ற மூன்று நிமிடங்களுக்குள் மேலளவு 20 அல்லது அதற்கு மேல் இறங்கினாலோ, கீழளவு 10 இறங்கினாலோ அதைக் கவனிக்க வேண்டிய குறையாகக் கொள்கிறார்கள். உம்மாவுக்கு இறங்கியதோ 26. அழுத்தத்துக்காகத் தினமும் அவர்கள் விழுங்கிவந்த மாத்திரையோ, சிறுநீரைக் கூடுதலாகப் பிரித்து வெளியேற்றும் வகையைச் சேர்ந்தது. ஒருபுறம் மாத்திரை நீரை வெளியேற்ற, மறுபுறம் உம்மா நீரே குடிக்காதிருக்க, ஃபஜ்ரு வேளையில் படுக்கையிலிருந்து எழுந்தவர்கள் விழாமலிருந்தால்தான் வியப்பு. எலும்பு மருத்துவர் பார்த்தது ஒடிந்த கையை. அது ஒடிந்த காரணத்தைக் கண்டவர் இந்தச் செவிலியர்.

வலியை அளக்கும் இடத்தில் ஒரு வேடிக்கையும் நடந்தது. "வலியே இல்லை என்றால் சைபர், தாங்கவே முடியாத வலி என்றால் பத்து, உங்கள் வலி எத்தனை?" என்று கேட்பது இக்கால வழக்கம். உம்மாவுக்கு அந்தக் கணக்குப் பிடிபடவில்லை. "இரண்டாவது பிள்ளை பெற்றபோது இருந்த வலியில் பாதி" என்றார்கள். செவிலியர் அதை அப்படியே எழுதிக்கொண்டாராம். அந்த இரண்டாவது பிள்ளை நான்தான்.

இதைக் கேட்டபோது ஒரு நபிமொழி என் நினைவுக்கு வந்தது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடுங்காய்ச்சலில் இருந்தபோது இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் சென்று, தம் கையால் தொட்டுப் பார்த்து, காய்ச்சல் கடுமையாக இருக்கிறதே என்றார்கள். பெருமானார் அதை மறுக்கவில்லை. உங்களில் இருவருக்கு வருமளவு எனக்கு வருகிறது என்ற கருத்தில் மறுமொழி கூறினார்கள். புகாரியில் பதிவாகியுள்ள செய்தி இது. தொட்டுப் பார்த்தல், வினவுதல், நோயாளி தம் துன்பத்தின் அளவைச் சொல்லுதல் ஆகிய மூன்றும் இதில் இருக்கின்றன. ஆயிஷா (ரலி) அவர்கள் தலைவலியால் முறையிட்டபோதும், தமக்கும் தலைவலிப்பதாகப் பெருமானார் வாய்திறந்து சொன்னார்களேயன்றி, அப்படிச் சொல்வது பொறுமைக்கு மாறு என்று அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. தன் வலியைச் சொல்ல நோயாளிக்கு அனுமதியுண்டு என்பதற்கு இமாம் புகாரி தம் நூலில் ஒரு தனித் தலைப்பையே வைத்திருக்கிறார். பொறுமையின் இலக்கணமாக நாம் போற்றும் நபி ஐயூப் (அலை) அவர்களே தம்மைத் துன்பம் தீண்டிவிட்டதை இறைவனிடம் எடுத்துச் சொன்னதாகத்தான் திருமறை கூறுகிறது. விதியை நொந்துகொள்வது வேறு. உள்ள நிலையை அறிய வேண்டியவருக்கு அறிவிப்பது வேறு. இவ்விரண்டையும் நாம் எந்தக் காலத்தில் குழப்பிக்கொண்டோமோ தெரியவில்லை.

அகழ்ப்போரில் காயமுற்ற ஸஅது இப்னு முஆத் (ரலி) அவர்களை, ருஃபைதா (ரலி) என்ற அன்ஸாரிப் பெண்மணியின் கூடாரத்தில் வைத்துப் பராமரித்த வரலாற்றை நம் சிறுமியர் அறிவர். அப்பெண்மணி காயமுற்றோருக்குச் சிகிச்சை செய்பவராக விளங்கினார். அவ்வழியே செல்லும்போதெல்லாம் நபிகளார் மாலையில் எப்படி இருக்கிறது, காலையில் எப்படி இருக்கிறது என்று ஸஅதிடம் கேட்பார்கள், அவரும் சொல்வார். இரண்டு வேளையும் கேட்டார்கள் என்பதையும், அவர் சொன்னார் என்பதையும் நான் பலமுறை பாடத்தில் படித்துக் காட்டியிருக்கிறேன். வார்டில் வேளைக்கு வேளை அட்டையில் குறித்து வைக்கிறார்களே, அதைப் பார்த்த பிறகுதான் அந்த வரியின் பொருள் எனக்கு முழுமையாக விளங்கியது.

கேட்பது போலவே, எப்படிக் கேட்பது என்பதும் ஒரு கலை. 1854இல் கிரிமியப் போரின்போது, அன்றைய உதுமானியத் தலைநகருக்கு எதிர்க்கரையில் இருந்த உஸ்குதார் படைமனையில் பணியாற்றிய ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார், 1859இல் செவிலியம் பற்றி எழுதிய நூலில் இதனை நன்கு விளக்கியிருக்கிறார். நோயாளி இரவு நன்றாகத் தூங்கினாரா என்று கேட்பதில் பயனில்லை; ஒருவருக்கு நல்ல தூக்கமாகப் படுவது மற்றவருக்குத் தூக்கமே இல்லாததாகப் படலாம். எத்தனை மணிநேரம் தூங்கினார், எந்தெந்த நேரத்தில் தூங்கினார் என்று கேட்க வேண்டும் என்பது அவர் கருத்து. "இஷாவுக்குப் படுத்தால் ஃபஜ்ருக்குத்தான் எழுவார்கள்" என்று நான் அளந்தேனே, உம்மாவிடம் மணிக்கணக்காகக் கேட்டபோது, இரவில் நான்கு முறை எழுவதாகவும், இரண்டு மணிக்குப் பிறகு தூக்கமே வருவதில்லை என்றும் சொல்லியிருக்கிறார்கள். அந்த நேரத்தில் என்ன செய்வீர்கள்? "தஸ்பீஹ் ஓதிக்கொண்டு கிடப்பேன். அத்தா மௌத்தான பிறகு அப்படித்தான்." என் தந்தையார் மறைந்து மூன்றாண்டுகள் ஆகின்றன. உம்மா அழுததை நாங்கள் இத்தா முடிந்த பின் ஒருநாளும் பார்த்ததில்லை. அச்செவிலியரிடம் அழுதிருக்கிறார்கள்.

உறவினரை வெளியே அனுப்புவது ஏன் என்பதற்கு அவர் சொன்ன காரணத்தையும் எழுத வேண்டும். மகனெதிரில் சொல்லக் கூசுவதை மட்டும் அவர்கள் எதிர்பார்ப்பதில்லை. வீட்டில் உங்களை யாரேனும் அடிக்கிறார்களா, நேரத்துக்குச் சோறு கிடைக்கிறதா, மருந்து வாங்கப் பணம் உங்கள் கையில் இருக்கிறதா என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. அக்கேள்விகளுக்கு அடித்தவர் முன்னிலையில் எவரால் விடைசொல்ல இயலும்? என்னைப் பற்றியும் அப்படி வினவியிருப்பார் என்பதை உணர்ந்தபோது முதலில் சுருக்கென்றது. பிறகு, கேட்காமல் விட்டிருந்தால்தான் குறை என்று தோன்றியது.

புகையிலைக் கேள்விக்கும் விடை கிடைத்தது. வெற்றிலையோடு ஒரு துண்டு புகையிலை உண்டாம், முப்பது ஆண்டுகளாக. வாயைத் திறக்கச் சொல்லி, விளக்கடித்து, கன்னத்தின் உட்புறத்திலும் நாக்கின் அடியிலும் வெண்படலம் ஏதும் இருக்கிறதா என்று பார்த்திருக்கிறார். இறையருளால் ஒன்றுமில்லை. உம்மாவின் சுருக்குப் பையில் இன்னும் என்னென்ன இருக்கிறதென்று கேட்டபோது, யாரோ கொடுத்த மூட்டுவலிச் சூரணமும், தினமும் காலையில் வெறும் வயிற்றில் உண்ணும் கருஞ்சீரகமும் வெளிவந்தன. கருஞ்சீரகத்தை நபிமொழி சிறப்பித்திருப்பதால் அதை மருந்துப் பட்டியலில் சொல்ல வேண்டியதில்லை என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அதற்கு இரத்தச் சர்க்கரையைக் குறைக்கும் தன்மை உண்டென்பதை ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. சர்க்கரைக்கு மாத்திரை உண்பவர் அதனோடு இதையும் உண்டால் இரண்டும் சேர்ந்து இறக்கிவிடக்கூடும். பயன் உள்ள பொருளாக இருப்பதனால்தான் சொல்ல வேண்டும். ஓதிய தண்ணீரைச் சொல்ல வேண்டியதில்லை. சூரணத்தைச் சொல்லியே ஆக வேண்டும்.

எல்லாம் முடிந்த பின், "இவற்றை உங்கள் மகனிடம் சொல்லலாமா அம்மா?" என்று செவிலியர் கேட்டாராம். உம்மா நெடுநேரம் யோசித்து, தண்ணீர் விஷயத்தை மட்டும் சொல், மற்றதை நானே சொல்லிக்கொள்கிறேன் என்றார்களாம். அவ்வாறே அவரும் செய்தார். மற்றவற்றை உம்மா எனக்குச் சொல்ல ஒரு வாரம் பிடித்தது. அதுவும் என் மனைவி வாயிலாகத்தான்.

மறுநாள் பொது மருத்துவர் வந்து அழுத்த மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். எலும்பின் உறுதியைச் சோதிக்க எழுதினார். பெண் மருத்துவர் ஒருவர் சிறுநீர்க் கசிவைப் பற்றி விசாரித்து, இடுப்படித் தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியைக் கற்றுக்கொடுத்தார். இது முதுமையின் தலைவிதியன்று, பலருக்குப் பயிற்சியாலேயே குறைகிறது என்றும், தண்ணீரைக் குறைத்தால் சிறுநீர் அடர்ந்து பையை மேலும் உறுத்தும் என்றும் எடுத்துச் சொன்னார். வீட்டில் உளூச் செய்யும் இடத்தில் சுவரில் கைப்பிடி பொருத்தினோம். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் போட்டோம். இவ்வளவும் பெரிய செலவன்று.

எல்லா மருத்துவமனைகளிலும் இப்படி நடக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. முப்பது கட்டில்களுக்கு ஒரே செவிலியர் ஓடிக்கொண்டிருக்கும் வார்டுகளையும் பார்த்திருக்கிறேன். அங்கே அச்சடித்த தாளில் வரிசையாக "இல்லை, இல்லை" என்று எழுதி முடிப்பதற்கே நேரம் போதாது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் நேரம் ஒதுக்கி ஒருவர் வந்து அமரும்போதும் "இல்லை, இல்லை" என்று நாமே எழுதவைப்பதை என்னென்பது? மருத்துவமனைக்குச் செல்கையில் வீட்டிலுள்ள மாத்திரை, சூரணம், லேகியம் அனைத்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். மூக்குக் கண்ணாடியையும் பல்செட்டையும் காதுக் கருவியையும் வீட்டில் விட்டுச் செல்லாதீர்கள். கேள்வி காதில் விழாதவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டத்தான் செய்வார். முன்பு ஒவ்வாத மருந்து ஏதும் இருந்தால் அதை ஒரு தாளில் எழுதிப் பெரியவர் கையிலேயே கொடுத்து வையுங்கள். பிறகு வெளியே போய் அமர்ந்திருங்கள்.

இனி, என் நெஞ்சில் முள்ளாகத் தைத்திருக்கும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சிறுநீர் கசிந்துகொண்டே இருப்பவர், ஓயாத உதிரப்போக்குடைய பெண் போன்ற தங்கடமுடையோரை நம் மார்க்கச் சட்டம் மஃதூர் என்று தனியே பிரித்து வைத்திருக்கிறது. நேரம் வந்தபின் துப்புரவு செய்து, ஒரு வேளைக்கு ஓர் உளூச் செய்துகொண்டு அவர் தொழலாம். இடையில் அந்தத் தங்கடத்தினால் கசிவது அத்தொழுகையை முறிக்காது. விவரங்களில் ஹனஃபி, ஷாஃபி மத்ஹபுகளுக்கிடையே வேறுபாடு உண்டு. எந்த அளவு கசிவு இருந்தால் ஒருவர் மஃதூர் ஆவார் என்பதையும் ஆலிமிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும். தொழுகைக்கும் அவ்வாறே சலுகை உண்டு. மூலநோயுற்ற இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்கள் கேட்டபோது, நின்று தொழுமாறும், இயலாவிடில் அமர்ந்தும், அதுவும் இயலாவிடில் ஒருக்களித்துப் படுத்தும் தொழுமாறும் நபிகளார் கூறினார்கள். இந்தப் பாடங்களைப் பதினெட்டு ஆண்டுகளாக ஆண்டுதோறும் நடத்தி வருகிறேன். கரும்பலகையில் பிரிவு பிரித்து எழுதியிருக்கிறேன். தேர்வில் வினா கேட்டிருக்கிறேன். அவ்வளவு காலமும் அந்தப் பாடத்துக்குரியவர் என் வீட்டு உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு நான்காவது முறையாக உளூச் செய்துகொண்டிருந்திருக்கிறார். உம்மாவிடம் சென்று சட்டத்தை எடுத்துச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இதை முன்னமே சொல்லியிருக்கலாமே" என்றார்கள். "நீங்கள் கேட்கவில்லையே உம்மா" என்றேன். "நீயும்தான் கேட்கவில்லை" என்றார்கள்.

இக்கட்டுரைக்கு அனுமதி கேட்டபோதும் முதலில் கூசினார்கள். பிறகு, "எழுது. பேரைப் போடாதே. என்னைப் போல எத்தனை பேர் வாய்திறக்காமல் கிடக்கிறார்களோ" என்றார்கள்.

இவ்வாண்டு அந்தப் பாடம் வந்தபோது, மாணவர்களிடம் அன்றைய வீட்டுப் பாடமாக ஒன்றைச் சொல்லி அனுப்பினேன். வீட்டிலுள்ள தாயாரிடமோ பாட்டியிடமோ, சகோதரி வாயிலாகவேனும், உளூவிலும் தொழுகையிலும் என்ன சிரமம் இருக்கிறது என்று கேட்டு வர வேண்டும்; பெயர் எழுதாமல் துண்டுத்தாளில் எழுதித் தரலாம். வகுப்பில் இருப்பவர்கள் 22 பேர். மறுநாள் என் மேசையில் ஒன்பது துண்டுத்தாள்கள் இருந்தன.